கல்லுக்கு மேடையில் இடமில்லை

கர்த்தருக்குள் அன்பான பெரியப்பாவுக்கு,

ஸ்தோத்திரத்துடன் உங்கள் மகள் எழுதுவது. இங்கே சிலை உட்பட அனைவரும் நலம். அங்கே உங்கள் மூட்டுவலியும் பெரியம்மாவின் கோபமும் தணிந்திருக்க வேண்டுகிறேன்.

வரும் ஞாயிறு எங்கள் சபை ஆண்டு விழாவுக்கு நீங்கள்தான் சிறப்பு விருந்தினர். வரும்போது ஒரு கல்லுக்காகப் பரிந்து பேச வேண்டும். விஷயம் இதுதான். என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாபிலோன் ராஜா கண்ட கனவை நாடகமாக எழுதினேன். பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், பாதி களிமண்ணான பாதம் என்று ஒரு சிலை. மனித சாம்ராஜ்யங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். கடைசியில் எவர் கையும் பெயர்க்காத ஒரு கல் வந்து பாதத்தில் மோத, சிலை தூளாகும்; கல் மலையாகிப் பூமியை நிரப்பும். அதுதான் தேவனுடைய ராஜ்யம். போதகரான உங்களுக்கே விளக்குகிறேன், மன்னிக்கவும்; சபைக் கமிட்டிக்கு விளக்கி விளக்கி வந்த பழக்கம்.

கல்லை நான் செய்தேன்: பழைய லாரி டயர், மேலே சாக்கு. சிலையை அப்பா செய்தார். முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து பூத்தொட்டியை மட்டுமே வரையவைத்த மனிதருக்குள் இவ்வளவு பெரிய பாபிலோன் இருந்தது எங்களுக்கே தெரியாது. அட்டையும் தெர்மாகோலும் ஜிகினாவுமாகப் பத்தடி. சபைக் கூடத்தில் மாடிப்படிக்கு எதிரே நிறுத்தினோம். கமிட்டித் தலைவர் வந்தார், பொன் தலைக்கு முன்னால் கண்ணாடி பார்ப்பதுபோல் நின்றார். "மாஸ்டர், மூக்கு நம்ம மூக்கு மாதிரியே இருக்கே!" அப்பா மறுக்கவில்லை. மறுநாள் தலைக்குக் கீழே தலைவரின் பெயர்ப்பலகை. அதைப் பார்த்துச் செயலாளர் மார்பைப் பிடித்துக்கொண்டார், பொருளாளருக்கு வயிறு. அதில் உள்நோக்கம் இல்லை என்று தனித் தீர்மானம் வேறு. சபை மூப்பர்கள் இருவர் ஆளுக்கொரு இரும்புக் காலை எடுத்துக்கொண்டார்கள். பாதத்துக்கு மட்டும் ஆள் வரவில்லை.

பிறகுதான் அவர்களுக்குக் கல்லின் ஞாபகம் வந்தது.

"ஏம்மா, இவ்வளவு அழகான சிலைய உடைக்க யாருக்காவது மனசு வருமா?" என்றார் தலைவர்.

"உடையலைன்னா கதையே இல்லீங்களே ஐயா."

"கல்லே வேணாம்னு சொல்லலையே. வரட்டும். வந்து சிலைக்கு ஒரு வணக்கம் வச்சுட்டு அப்படி ஓரமா நிக்கட்டும்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜிகினாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லேசா உரசிட்டுப் போகட்டுமேம்மா. ஒட்டவே மூணு நாளாச்சு."

பரலோக ராஜ்யம் சீக்கிரம் வரவேண்டும் என்ற ஜெபத்தோடு தொடங்கிய கூட்டத்தை, அது மேடைக்கு வரக்கூடாது என்ற தீர்மானத்தோடு முடித்தார்கள். நான் முடிவை மாற்றி எழுதாவிட்டால், ஐந்து வருஷமாக நடத்தும் வகுப்பு செயலாளரின் மருமகளுக்குப் போய்விடும். எனக்கு அந்த ஒன்பது பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. சிலை எப்போது விழும் என்று ஒரு மாதமாகக் காத்திருக்கிறார்கள். பெரிய மனிதர்கள் கட்டியது விழவே விழாது என்பதைத்தான் மற்ற ஆறு நாளும் உலகம் அவர்களுக்குச் சொல்லித்தருகிறதே, ஞாயிற்றுக்கிழமையுமா?

நீங்கள் ஒரு சொல் சொன்னால் கமிட்டியே எழுந்து நிற்கும். இதை எனக்காகக் கேட்கவில்லை. என் பெயர் எங்கேயும் வர வேண்டாம். கல் வந்தால் போதும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் ஜெபத்தில் என்னையும், இடமிருந்தால் டயரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் பரிந்து பேச வேண்டியதில்லை. இன்று காலை கல்லை மாடி ஸ்டோர் ரூமில் பூட்டிவைக்கச் சொன்னார்கள். மேல்படியில் வைத்துவிட்டு, சாவி யாரிடம் என்று மூப்பர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அது தானாகவே புறப்பட்டது. ஒரு கையும் படவில்லை. நேராகப் பாதத்தில்! ஒத்திகைக்கு வந்திருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைவரின் மூக்கு இன்னும் கிடைக்கவில்லை. இவ்வளவு வல்லமையுள்ள கல்லைத் தரையில் விட்டுவைப்பது மரியாதையல்ல என்று மாலைக் கூட்டத்தில் ஏகமனதாக முடிவாயிற்று. சிலை நின்ற பீடத்திலேயே ஏற்றியாகிவிட்டது. அப்பா பொன் வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார். பெயர்ப்பலகைகளும் வீணாகவில்லை, கல்லுக்குக் கீழே வரிசையாக மாட்டியாயிற்று. புதிதாக ஒன்றில் என் பெயரும் இருக்கிறது, ஆனால் எழுத்து மற்றவற்றைவிடக் கொஞ்சம் சிறிது. ஞாயிறன்று தலைவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வீர்களா, பெரியப்பா?