சம்பந்தி வீட்டுச் சரிவில் உங்கள் கார்

கர்சியாங்
ஞாயிறு மாலை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் இந்திரஹாங் அவர்களுக்கு, உங்கள் தங்கை மன்மாயாவின் கணவன் ரணதோஜ் கைகூப்பி எழுதுவது. காலிம்போங்கில் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம். நீங்கள் அன்போடு கொடுத்த காரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மகள் பினிதாவுக்கு வரன் பேச இன்று மிரிக் போயிருந்தோம், இறக்கமெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்து ஒருவழியாகப் பிள்ளை வீட்டுக்கு மேலே சரிவில் வண்டியை நிறுத்தி, இரண்டு கையாலும் கைபிரேக்கை இழுத்தேன், அதுவும் கடகடவென்று நம்பிக்கையாகத்தான் சத்தம் போட்டது, உள்ளே உட்கார்ந்து சேல்ரொட்டியைக் கடித்தபடி மகளின் சமையலைப் பற்றி நாலு பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார் மெதுவாகப் போயிற்று.

"நம்ம கார் மாதிரியே இருக்குல்ல?" என்றேன்.

"நம்ம காரேதான், மனுஷா!" என்றாள் மன்மாயா.

கீழே முற்றத்தில் பிள்ளையின் அப்பா காஜிமான், காது மந்தமானவர், முதுகைக் காட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நான் கத்தினேன், வாய் நிறைய ரொட்டி, சத்தம் வரவில்லை. உங்கள் தங்கை டீ கிளாஸைச் சம்பந்தியம்மாள் கையில் திணித்துவிட்டு ஓடினாள், உருள்கிற காரின் கதவைத் திறந்து தொற்றி ஏறினாள், என்ஜின் ஓடாததால் கல்லாய் இறுகிக் கிடந்த பிரேக்கின் மேல் எழுந்தே நின்றுவிட்டாள், ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியைச் சவ்சவ்ப் பந்தலுக்குள் புகுத்தினாள். சாவியை வண்டியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன், அதனால்தான் கதவும் திறந்தது, ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளாமல் திரும்பியது. இதில் என் பங்கு அதுதான்.

பம்பர் நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. காஜிமான் திரும்பினார். "வந்துட்டீங்களா? உள்ள போயி டீ குடிக்கிறதுதானே!" என்றார், தலையில் விழுந்த சவ்சவ்வைத் தட்டிவிட்டு.

மன்மாயாவின் விரல்கள் ஸ்டீயரிங்கை விடவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். இவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன்.

"இறக்கத்துல பிரேக் தட்டு சூடாகிப் பருத்திருக்கும், மாமா. ஆறினா இளைச்சுடும், கைபிரேக் பிடி விட்டுடும். கியர்ல போட்டிருக்கணும்" என்றார் மாப்பிள்ளை. பெல்ட் போடாவிட்டால் மணி, கதவு மூடாவிட்டால் விளக்கு, பின்னால் போனால் பாட்டு என்று வைத்தவர்கள், ஆளே இல்லாமல் வண்டி கிளம்பினால் ஒரு இருமலாவது வைத்திருக்கக் கூடாதா?

சம்பந்தியம்மாள் மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை, மன்மாயாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தம்மா பெத்த பொண்ணா? நாளைக்கே கூட்டிட்டு வாங்க!" என்றுவிட்டார்.

ஆகவே கல்யாணம் உறுதி. ஆனால் அந்தக் காரில் இனி நாங்கள் ஏறுவதாக இல்லை. தயவுசெய்து ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

தங்கள் பணிவுள்ள,
ரணதோஜ்

பி.கு.: இதைப் படித்த மன்மாயா, "என் கார என்னக் கேக்காம திருப்பிக் குடுக்க நீங்க யாரு?" என்கிறாள். சனிக்கிழமை உங்களைக் கல்யாணத்துக்கு அழைக்க அவளே ஓட்டி வருகிறாள். நானும் வருகிறேன்; வண்டி நின்றதும் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைப்பது என் வேலை. ஒத்திகைக்கு ஹாரன் அடிக்கிறாள், போகிறேன்.