கர்ஃபியூ அக்காவின் போலந்துக் கல்யாணம்

பதுளையில் மழையைக்கூட மாலை ஆறு மணிக்கு மேல் வாசலில் நிற்க விடாத ஒரே மனுஷி கர்ஃபியூ அக்காதான். அந்த ஊரில் ஒரு சட்டத்தரணியிடம் நான் தட்டச்சு வேலை பார்த்த மூன்று வருஷமும் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு அவர்தான் பொறுப்பு. சமையல், காவல், விசாரணை, தீர்ப்பு எல்லாம் அவரே. வயது நாற்பத்து நாலு. கல்யாணம் ஆகவில்லை. அவருடைய உண்மையான பெயர் எங்கள் இருபத்திரண்டு பேரில் ஒருத்திக்கும் தெரியாது. கேட்கிற துணிச்சலும் யாருக்கும் இல்லை.

ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுவார். ஆறு ஒன்றுக்கு வந்தவள் தாமதத்துக்கான காரணத்தைக் கேட்டுக்கு வெளியே நின்றே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. வாசலில் ஒரு தடித்த கொப்பி இருந்தது. பெயர், யாரைப் பார்க்க, உறவு, வந்த காரணம் என்று நாலு கட்டம். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரும் அதில் எழுதிக் கையெழுத்து வைத்தால்தான் சிலிண்டர் உள்ளே போகும். ஒரு தடவை காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பார்க்க டாக்டர் அவசரமாக வந்தார். “உறவுங்கற இடத்தை வெறுமையா விட்டுட்டீங்களே சார்” என்று அவரையும் திருப்பிக் கூப்பிட்டார். பாவம், அந்த மனிதர் ‘டாக்டர்’ என்று எழுதிவிட்டுத்தான் நாடி பிடித்தார்.

இப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎலவுக்குக் காய்கறி வாங்கப் போனார். அங்கேதான் எல்லாம் குழம்ப ஆரம்பித்தது.

கொழும்பிலிருந்து வருகிற ரயிலில் எல்ல முதலில் வரும், ஹாலிஎல பிறகு வரும். எல்லயில் இறங்க வேண்டிய ஒரு வெள்ளைக்காரர் தூங்கிப்போய், யாரோ ‘எல’ என்று சொன்னது காதில் விழுந்து, பதறியடித்து ஹாலிஎலவில் குதித்துவிட்டார். இறங்கியவர் போவோர் வருவோரிடமெல்லாம் “எல்ல?” என்று கேட்க, எல்லாரும் “எல, எல” என்று சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கிறார்கள். மனிதர் ஒன்றரை மணி நேரம் அந்தக் கடைவீதியில் எல்லயின் ஒன்பது வளைவுப் பாலத்தைத் தேடியிருக்கிறார்.

பை நிறையப் போஞ்சிக்காயோடு அக்கா அவரைப் பார்த்தார். முதலில் தலையாட்டியவர்களைத் திட்டினார். பிறகு அவரைத் திட்டினார்.

“திஸ் நாட் எல்ல. யூ ஸ்லீப், யூ லாஸ்ட். டிரெயின்ல ஏறினா முழிச்சிக்கிட்டு இருக்கணும். அண்டர்ஸ்டாண்ட்?”

அவர் “அண்டர்ஸ்டாண்ட்” என்றாராம். அக்கா அவரைப் பஸ்ஸில் ஏற்றி, “இந்த ஆளைத் தூங்க விடாதீங்க” என்று கொண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் அந்த மனிதர் ஒரு சொக்லேட் பெட்டியோடு எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றார். எப்படி விசாரித்துக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் வந்து சேர்ந்தபோது மணி ஆறு ஐந்து. கேட் திறக்கப்படவில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் திரும்பவும் வந்து, கொப்பியில் ‘பியோத்தர், போலந்து’ என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தை அவருக்குப் புரியவைக்க முடியாமல் அக்காவே எழுதினார்: ‘விளங்கவில்லை.’

பியோத்தர் போலந்தில் டிராம் ஓட்டுபவர். தண்டவாளத்தில் ஓடும் பஸ் என்று அதை நான் அக்காவுக்கு விளக்கினேன். வயது ஐம்பத்தொன்று, மனைவியை இழந்தவர். ஊர் திரும்பிய பிறகு வாரம் ஒரு தடவை வீடியோ அழைப்பில் வருவார். ஞாயிறு மாலை நாலு மணி. அக்கா சாப்பாட்டு மேசையில் போனை நிறுத்திவைத்து, கதவைத் திறந்துவைத்து, துணைக்கு எங்களில் இரண்டு பேரை உட்காரவைத்துத்தான் பேசுவார். ஒவ்வொரு அழைப்பையும் கொப்பியில் பதிவார். ‘பெயர்: பியோத்தர். உறவு: தெரிந்தவர். காரணம்: சுகம் விசாரிக்க.’ முப்பது வாரம் அந்த மனிதர் சுகம் விசாரித்தார். இவ்வளவு சுகம் பதுளையில் யாருக்கும் இருந்ததில்லை.

ஒரு நாள் அக்கா கொப்பியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

“ஏ புள்ள, இந்த உறவுங்கற இடத்துல இனி என்ன எழுதுறது?”

“ஏன் அக்கா, தெரிந்தவர்னுதானே எழுதுவீங்க?”

“அந்த ஆளு கட்டிக்கலாமான்னு கேக்குறாரு. அப்ப தெரிந்தவர்னு எழுதுனா அது பொய்யில்லையா?”

கட்டிலில் இருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். “நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“ஆறு மணியாச்சுன்னு சொல்லிப் போனை வெச்சிட்டேன்” என்றார். அவருக்கே என்ன நடக்கிறதென்று தெரியாத முகம் அது. அந்த முகத்தை அதற்கு முன் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு அழைப்பில் அக்கா சம்மதம் சொல்லிவிட்டார். பியோத்தரின் அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால் கல்யாணப் பதிவைப் போலந்திலேயே வைக்க முடிவானது. அக்காவின் ஒரே தம்பி ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருந்தார். “இந்த வயசுல கல்யாணமா? ஊரு சிரிக்கும். நான் வரவும் மாட்டேன், கேக்கவும் மாட்டேன்” என்று போனை வைத்துவிட்டார். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

தட்டச்சுக்காரி என்பதால் பத்திரங்கள் என் தலையில் விழுந்தன. போலந்துப் பதிவு அலுவலகம் கேட்டவை இரண்டே இரண்டுதான்: பிறப்புச் சான்றிதழ், திருமணமாகாதவர் என்பதற்கு அத்தாட்சி. இரண்டு தாள்தானே என்று பைலைத் திறந்தேன். பிறப்புச் சான்றிதழில் பெயர் பொன்னம்மா. அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் கருப்பையா புஷ்பராணி.

“அக்கா, இதுல நீங்க யாரு?”

“ரெண்டும் நாந்தான். பொறந்தப்ப பொன்னம்மா. பள்ளிக்கூடத்துல ஏற்கனவே மூணு பொன்னம்மா இருந்தாங்கன்னு ஹெட்மாஸ்டர் புஷ்பராணின்னு மாத்திட்டாரு.”

“அதை எங்கயாவது எழுதியிருக்காரா?”

“அவரு எதுக்குடி எழுதணும்? கூப்புட்டாரு, நான் வந்தேன்.”

பொன்னம்மாவும் புஷ்பராணியும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி தயாரித்தேன். “நானே நேர்ல நிக்கிறேன், அப்புறம் எதுக்கு சத்தியம்?” என்று அதற்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது.

அடுத்தது கல்யாணம் ஆகாத அத்தாட்சி. விசாரிக்கக் கிராம சேவகர் வந்தார். கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் எதிர்க் கடைக்காரரிடமும் கேட்டிருக்கிறார். “அந்தம்மாவுக்கு யாராச்சும் மாப்பிள்ளையா இருந்திருந்தா, இந்நேரம் எங்க கடையிலதானே வந்து ஒளிஞ்சிருப்பாரு?” என்று கடைக்காரர் சொன்ன பதிலே பலமான சாட்சியாகிவிட்டது.

அத்தாட்சி கைக்கு வந்த அன்று நாங்கள் கைதட்டினோம். அக்கா சிரிக்கவில்லை. தாளை மேசையில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

“நாப்பத்தி நாலு வயசு வரைக்கும் ஒருத்தனும் இவளக் கட்டலன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருச்சு பாரு. இதைக் கொண்டுபோய் அந்த ஆளுகிட்டயே குடுக்கணுமாம்.”

“அவரும் ஒரு தாள் குடுக்கணும் அக்கா. அவங்க மனைவி இறந்துட்டாங்கன்னு” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்ததும் அக்கா எடுத்தவுடன், “உங்க வைஃப் நேம் என்ன?” என்று கேட்டார். அவர் சொன்னார். வாயில் நுழையாத அந்தப் பெயரை அக்கா நாலைந்து முறை சொல்லிப் பார்த்துச் சரியாகச் சொன்னார். பியோத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களை அன்று மட்டும் வெளியே போகச் சொன்னார் அக்கா. கதவு திறந்துதான் இருந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்த நேரத்தில் பியோத்தரிடமிருந்து கலவரமான ஒரு செய்தி வந்தது. ‘யார் இந்த மிஸ்டர் கருப்பையா? நான் ஏன் அவரைக் கல்யாணம் செய்ய வேண்டும்?’

பத்திரங்கள் இங்கிலீஷுக்கும், பிறகு போலிஷுக்கும் மாறிப் போகிற வழியில், முதலில் நின்ற அப்பா பெயரை மணமகள் பெயராக யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘கருப்பையா என்பவர் ஆணா பெண்ணா, அவரும் பொன்னம்மாவும் புஷ்பராணியும் மொத்தம் எத்தனை பேர், இவர்களில் மணமகள் யார்’ என்று அந்த அலுவலகம் பணிவாகக் கேட்டிருந்தது.

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“எங்கப்பா செத்துப் பதினாறு வருசமாச்சு. அவரைக் கட்டிக்கிட்டு அந்த மனுசன் என்ன செய்யப் போறாரு?”

நாங்கள் சிரித்து உருண்டோம். அக்காவும் முதலில் சிரித்தார். பிறகு பைலை மூடி நூலால் கட்டினார். “போதும். அத்தாட்சித் தாளுக்கு இன்னும் ஒரு மாசம்தான் ஆயுசு. திரும்ப ஒவ்வொரு கதவா நின்னு எனக்குக் கல்யாணம் ஆகலன்னு சொல்லித் திரிய என்னால முடியாது. வேணாம்னு அந்த ஆளுக்கு எழுதிரு.”

நான் எழுதவில்லை. மூன்று வருஷத்தில் நான் அவர் பேச்சை மீறிய ஒரே தடவை அதுதான். தாதிப் பயிற்சியில் இருந்த பிள்ளை ஒருத்தி, அக்காவின் பழைய பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சேர்வுப் பதிவேட்டின் பிரதியை வாங்கி வந்தாள். அதில் ‘பொன்னம்மா’ என்று எழுதி, அடித்து, மேலே ‘புஷ்பராணி’ என்று ஹெட்மாஸ்டர் நிஜமாகவே எழுதியிருந்தார். என் சட்டத்தரணி அதை வைத்துப் புதிய சத்தியக்கடதாசி தயாரித்தார். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, முதலில் வருவது தகப்பன் பெயர், அந்தத் தகப்பன் காலமாகிவிட்டார், அவருக்குக் கல்யாணம் செய்யும் எண்ணம் எதுவும் இல்லை என்று நான் தனியாக ஒரு விளக்கக் கடிதம் அடித்தேன். கடைசி வரியைச் சட்டத்தரணி வெட்டிவிட்டார்.

எல்லாவற்றையும் முன்னால் வைத்ததும் அக்கா ஹெட்மாஸ்டரின் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பைலின் நூலை அவிழ்த்துக் கையெழுத்து வைத்தார். பத்திரங்களுக்கு அரசாங்க முத்திரை வாங்க அக்காவே கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் திரும்பி வந்தபோது மணி ஆறு இருபது. கேட் பூட்டியிருந்தது. உள்ளே நாங்கள் இருபத்திரண்டு பேரும் வரிசையாக நின்றோம். நான் கம்பி வழியாகக் கொப்பியை நீட்டினேன்.

“தாமதத்துக்குக் காரணம் எழுதுங்க அக்கா.”

கையில் செருப்பு ஏறப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் பையைக் கீழே வைத்து, பேனாவை வாங்கி, ‘கல்யாணம்’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

விசா வந்தது. அக்கா போனார். ஒரு சனிக்கிழமை, அவர்களுக்கு மதியம், எங்களுக்குப் பிற்பகல். சாப்பாட்டு அறையில் அரிசி டின்னின்மேல் போனைச் சாய்த்துவைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். அங்கே பெரிய மண்டபத்தில் கூறைச் சேலைக்கு மேல் பியோத்தரின் கோட்டைப் போட்டுக்கொண்டு அக்கா நின்றார். பதிவாளர் ஓர் அம்மா. அவர் போலிஷில் பேச, மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொல்ல, அக்காவுக்கு விளங்காததை நான் போனில் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பதிவாளர் ஐந்து நிமிஷம் பேசினார். மொழிபெயர்ப்பாளர் மூன்று வசனம் சொன்னார். எனக்குப் பாதி கேட்கவில்லை.

“ஒத்துமையா குடும்பம் நடத்துவீங்களான்னு கேக்குறாங்க அக்கா.”

“அதை முதல்ல அந்த ஆளுகிட்ட கேக்கச் சொல்லு.”

அது இங்கிலீஷாகி, போலிஷாகிப் பதிவாளரிடம் போய்ச் சேர அரை நிமிஷம் ஆனது. மண்டபமே சிரித்தது. பியோத்தர் சிரிக்காமல் “தாக்” என்றார். அவர்கள் பாஷையில் ‘ஆமாம்’. அக்காவும் “தாக்கு” என்று அதட்டினார். பதிவாளர் ஒரு அடி பின்வாங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கையெழுத்து வைக்கும் நேரம் வந்தது. பியோத்தரின் சகோதரியும், அவரோடு வேலை செய்யும் ஒருவரும் சாட்சிகள். அப்போது பதிவாளர் ஏதோ கேட்டார். பெண் வீட்டார் யாரும் வரவில்லையா என்று மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொன்னார். அதை நான் தமிழில் சொல்லத் தேவைப்படவில்லை. அந்த அளவு இங்கிலீஷ் அக்காவுக்கு விளங்கும்.

அவர் மேசையிலிருந்து போனை எடுத்தார். திரை ஒரு சுற்றுச் சுற்றியது. விளக்கு, ஜன்னல், பிறகு எங்களையே பார்க்கிற அறியாத முகங்கள்.

“மை சைட்” என்றது அக்காவின் குரல். “ஆல் மை சைட். ட்வென்டி டூ.”

வீட்டு உடுப்போடு பாயில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். ஒருத்தி அவசரமாகத் தலையை வாரினாள். மொழிபெயர்ப்பாளர், பெண் வீட்டார் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று என்னிடம் கேட்டார். சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்த மனுஷியைத் திட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். நாங்கள் இருபத்திரண்டு பேரும் அக்கா மாதிரியே “தாக்கு” என்று அதட்டினோம்.