இடைநிற்றல் இல்லாத ஊர்

கல்வி எங்கே போய்ச் சேர்ந்ததோ தெரியாது. கல்வியின் ‘மதிப்பீடு’ மட்டும் ஏசி வேன் ஏறி, கீழ்பென்னாத்தூரைத் தாண்டிக் கடைசிக் கொல்லை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மகத்தான வேள்வியில் மொழிபெயர்ப்பாளர் பதவி வகித்தவர் நம் செழியன். வேங்கிக்காலில் புது வீடு, கழுத்தில் அடையாள அட்டை, வாயைத் திறந்தால் ‘தாக்கம்’. மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவதை ஒழிக்கக் கடல் கடந்து வந்த திட்டம் அது. பாதியில் விடுவதற்குப் பெரியவர்கள் ‘இடைநிற்றல்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். திட்டம் பலித்ததா என்று பார்க்க ஹெல்கா அம்மையார் விமானம் ஏறி வந்திருந்தார். அன்று பௌர்ணமி. மாலைக்குள் திருவண்ணாமலை திரும்பி அவர் கிரிவலமும் போயாக வேண்டும். ஆகவே மதிப்பீடு சுறுசுறுப்பாகவே நடந்தது.

பள்ளிக்கூட மரத்தடியில் அந்த ஊர்க் கஸ்தூரியை உட்கார வைத்தார்கள். வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து அப்படியே கையைக் கழுவிக்கொண்டு வந்தவர்.

“ஏம்மா, உங்க ஊர்ல இடைநிற்றல் இருக்குதா?” என்று செழியன் கேட்டார்.

“இடையில நிக்கறதா? எங்கங்க. கையக் காட்டினாக்கூட நிக்கறதில்ல.”

செழியன் அதை அப்படியே மொழிபெயர்த்தார். அம்மையாரின் கண்கள் கலங்கிவிட்டன. “யார் கூப்பிட்டாலும் பிள்ளைகள் நிற்பதில்லையா? என்ன மனவுறுதி” என்றபடி, ‘இடைநிற்றல்: பூஜ்யம்’ என்று மடிக்கணினியில் தட்டினார்.

செழியனுக்குச் சுருக்கென்றது. “எதும்மா நிக்கறதில்ல?” என்றார் மெதுவாக.

“பஸ்ஸுதாங்க. எம் பொண்ணு தென்றலு டவுன் ஸ்கூல்ல பதினொண்ணாவது. பஸ்ஸு நிக்காம ஒரு மாசமா வூட்லயே கெடக்கறா. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வரலன்னா பேரை எடுத்துடுவோம்னு சொல்லிட்டாங்க. நீங்க டவுனுக்குத்தான போறீங்க? அவளயும் ஏத்திக்கினு போங்க சார்.”

செழியன் நல்ல மனிதர், மனசு கேட்கவில்லை. பூஜ்யத்தை அழிக்கச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் பூஜ்யம் இருந்தால்தான் திட்டத்துக்கு ‘இரண்டாம் கட்டம்’ வரும். இரண்டாம் கட்டம் வந்தால்தான் அதற்கொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டார். ஊர்ப் பெண் ஒருத்தியை வேனில் ஏற்றலாமா என்று மட்டும் கேட்டுப் பார்த்தார். அம்மையார் பதறிவிட்டார்.

“ரூல்ஸ்ல இடமில்லயாம்மா. நாங்க மதிப்பிட வந்தவங்க. எங்களால உங்களுக்கு எதுனா நல்லது நடந்துட்டா ரிசல்ட் கெட்டுடும்” என்று கஸ்தூரியிடம் சொன்னார் செழியன்.

“அப்ப நல்லது யாரு சார் செய்வாங்க?”

“அதுக்கு வேற திட்டம் வரும்மா.”

பொன்னாடை போர்த்தி, இளநீர் குடித்து, வேன் கிளம்பியது. ஊர் முனையில் சீருடையில், தோளில் பையோடு தென்றல் நின்றிருந்தாள். வேனைக் கண்டதும் ரோட்டுக்கே வந்து கையை நீட்டினாள்.

“நிறுத்தட்டுமா சார்?” என்றார் டிரைவர்.

செழியன் கடிகாரத்தைப் பார்த்தார். கிரிவலக் கூட்டத்துக்காக இன்னும் கொஞ்ச நேரத்தில் டவுன் ரோட்டை அடைத்துவிடுவார்கள். “நீ போப்பா” என்றார்.

“அந்தப் பெண் எதற்குக் கை காட்டுகிறாள்?” அம்மையார் விசாரித்தார்.

“நன்றி சொல்றாங்க மேடம்.”

அம்மையாரும் கண்ணாடி வழியே மனதாரக் கை அசைத்தார். வேன் நிற்கவில்லை. இடைநிற்றலை ஒழிக்க வந்த வண்டியாயிற்றே, இடையில் நிற்குமா? நின்றது தென்றலின் படிப்புதான்.