நான் ஆக்கிரமித்த ஒரு வரிசை நிலம்

நான் ஒரு நில ஆக்கிரமிப்பாளர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் என் சொந்தக்காரர்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால், என் பெயரைச் சொல்வதற்கு முன்பே இதைத்தான் சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வரப்பை அரைச் சாண் நகர்த்தியதற்காக இரண்டு தலைமுறையாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகள் உண்டு. நான் யாரையும் கேட்காமல் ஒரு வரிசை நாற்றே நட்டேன். அதுவும் அரசாங்க வேலை நேரத்தில்.

வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி வந்துகொண்டிருந்த காலம். பள்ளிக்கூடங்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி உதவியாளராக என்னைத் தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். கைவிரல் வசப்படாத பிள்ளைகளைப் பழக்கி, அவர்களே பட்டன் போட, சோறு பிசைய, பென்சில் பிடிக்க வைக்கிற வேலை. (ஊரில் எவ்வளவு விளக்கியும் 'வெரல் டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதுவும் ஒரு வகையில் சரிதான்.) திருவாரூருக்குத் தெற்கே ஐந்து பள்ளிகள், ஒரு பழைய மொபெட், இருபத்திரண்டு வயது, டிப்ளமா வாங்கிய திமிர். இவ்வளவுதான் என் மூலதனம்.

அந்த ஐந்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு மலர் இருந்தாள். பேச்சில் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடுவாள். விரல்கள் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காது. பென்சிலைக் கொடுத்தால் ஐந்து விரலும் ஒன்றாக மூடிக்கொள்ளும், பென்சில் கீழே விழும். தலைமையாசிரியர் அவளை வீட்டிலிருந்தே படிக்க அனுப்பிவிடலாம் என்று கடிதமே தயார் செய்துவிட்டார். 'எழுதுகோல் பிடிக்க இயலாதவர்' என்று அதில் ஒரு வரி. வாரத்துக்கு ஒரு நாள் யாரோ வந்து சொல்லிக்கொடுப்பார்களாம். மலரின் அம்மா விடியற்காலையில் வயல் வேலைக்குப் போகிறவர். மீதி ஆறு நாளும் அந்தப் பிள்ளை பூட்டிய வீட்டில் சுவரோடு பேச வேண்டியதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு மாசம் குடுங்க சார். எழுத வச்சுக் காட்டுறேன்."

"பெட்டியே வரலையேம்மா. எத வச்சுக் காட்டுவ?"

வரவில்லைதான். களிமண்ணும் பலகையும் வைத்து மேலே இருந்து அனுப்புவதாகச் சொன்ன பயிற்சிப் பெட்டி எந்த ஆபீஸில் தூங்கியதோ! ஆனால் என் அம்மா வயலில் நாற்று நடுகிற கூலியாள். நாலு நாற்றைப் பிரித்து, கட்டை விரலும் இரண்டு விரலும் சேர்த்துச் சேற்றில் ஊன்றுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் நான். பென்சில் பிடிக்க வேண்டியதும் அதே மூன்று விரல்தானே? ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சேற்றைக் குழைத்து, அப்பா கொடுத்த நாற்றை எடுத்துக்கொண்டு பள்ளித் தாழ்வாரத்தில் ஆரம்பித்தேன். மலருக்கு ஒரே குஷி. ஆறு வாரத்தில் விரல்கள் மெல்ல மெல்லப் பிரிந்து வேலை செய்யத் தொடங்கின. அதற்குள் தாழ்வாரத்துக்கும் தலைமையாசிரியர் அறைக்கும் டைல்ஸ் போட்டுவிட்டார்கள்.

"சேத்த வெளியில கொண்டு போம்மா!" என்றார் தலைமையாசிரியர்.

கொண்டு போனேன். பள்ளிக்குப் பின்னாலேயே ஒரு வயல், மூன்று வருடமாகத் தரிசு. மழைத் தண்ணீர் அளவாக நின்றது. நல்ல வயலை ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கூலி வேலை செய்கிறவரின் மகளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்காதீர்கள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் விரல் மட்டும்தான்.

அந்த வயல் கோர்ட்டில் இருந்தது. பட்டா சாமிநாதன் பெயரில். பரம்பரைக் குத்தகை தங்களுடையது என்று தங்கராசு. தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் கால் வைக்கக் கூடாது. வைத்து நட்டுவிட்டால் நிலம் நட்டவர் அனுபவத்தில் இருப்பதாக ஆகிவிடும். மூன்று வருடமாக இரண்டு தரப்பும் வெறும் கண்ணாலேயே காவல் காத்த நிலத்தில், நானும் மலரும் கயிறு பிடித்த மாதிரி ஒரு வரிசை நட்டு முடித்தோம்.

நிமிர்ந்து பார்த்தால் வரப்பு முழுக்க ஆள். நான் சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு, ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

"யார் அனுப்புனது ஒன்ன? சாமிநாதனா?" என்று கத்தினார் தங்கராசு.

"நானா? நீ கூலி குடுத்து எறக்கிட்டு என்னையச் சொல்றியா?" என்று பாய்ந்தார் சாமிநாதன்.

"சார், இது மூணு விரல் பயிற்சி..." என்று ஆரம்பித்தேன். (ஜென்மத்துக்கும் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.) "அப்ப அந்தப் பொண்ணு?" என்றார்கள். "அதுவும் பயிற்சிதான்" என்றேன். ஆள் வைத்து நடுவதற்குப் புதுப் பெயர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முடிவு செய்தார்கள்.

தகவல் தெரிந்து மலரின் அம்மா வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என்னைத் திட்டவில்லை. "நான் படுற பாட்ட இவ படக் கூடாதுன்னுதானே டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்? நீங்களும் சேத்துலயே எறக்கிட்டீங்களே" என்றார். கூட்டத்துக்கு வாய்க்கு வாய் பதில் சொன்ன எனக்கு இதற்கு மட்டும் அழுகைதான் வந்தது.

தாலுகா ஆபீஸிலிருந்து வருவாய் ஆய்வாளர் வந்தார். தலைமையாசிரியர் அறையில் வைத்து எல்லாவற்றையும் எழுதினார். 'இரு தரப்பும் அனுப்பவில்லை, பயிற்சிக்காக நடப்பட்டது' என்று வாக்குமூலம். நட்ட இரண்டு பேரும் அதில் ஒப்பமிட்டே ஆக வேண்டும் என்று சாமிநாதனும் தங்கராசும் மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒரே குரலில் சொன்னார்கள். நான் போட்டேன். ஆய்வாளர் மலரைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்தார்.

"பாப்பா கைநாட்டு வச்சாப் போதும்."

"கைநாட்டா? கையெழுத்துப் போடுவா சார்."

"பென்சிலே புடிக்க முடியாதும்மா அவளால" என்றார் தலைமையாசிரியர்.

"மைப்பெட்டிய மூடுங்க சார்!" என்றேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் கத்தினேன். காலெல்லாம் சேறு, புது டைல்ஸ் நாசம்.

மலர் என்னைப் பார்த்தாள். சேறு காயாத கையால் பேனாவை எடுத்தாள், நாற்றை எடுக்கிற மாதிரியே, மூன்று விரலால். ம எழுதி முடிப்பதற்குள் ஃபேன் நூறு சுற்றுச் சுற்றியிருக்கும். அப்புறம் ல. கடைசியில் ர் மேல் வைத்த புள்ளியில் காகிதமே ஓட்டையானது. சரியாகத்தான் இருந்தது: மலர். அவள் அம்மா முந்தானையால் அந்தக் கையைத் துடைத்தார், விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தார். அரசாங்க ஃபைலில் கையெழுத்துப் போட்டவளை 'எழுதுகோல் பிடிக்க இயலாதவர்' என்று எந்தத் தலைமையாசிரியர் எழுதுவார்? கடிதம் கிழிந்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது. 'செய்த தவறுக்கு வருந்துகிறேன்' என்று எழுதித் தரச் சொன்னார்கள். 'டைல்ஸ் அழுக்கானதற்கு வருந்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த வரிசையைப் பிடுங்கினாலும் வழக்கு, அறுத்தாலும் வழக்கு என்பதால் யாரும் தொடவில்லை. தை மாதம் கதிர் சாய்ந்து நின்றது. குருவிகள் கோர்ட்டைக் கேட்காமல் தின்றன.

அப்பா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார்: "நான் முப்பது வருசம் விவசாயச் சங்கக் கொடி புடிச்சு, லாக்கப்புல எல்லாம் இருந்தும் ஒரு குழி நெலம் வாங்க முடியல. எம் மவ அரை மணி நேரத்துல ஒரு வரிச புடிச்சுட்டா." என் கணவர் தரிசு நிலத்தைத் தாண்டும்போதெல்லாம், "இங்க மட்டும் குனிஞ்சிடாத தாயே" என்று கும்பிடுவார். மலர் இப்போது திருவாரூரில் காலேஜ் படிக்கிறாள். எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும் புள்ளி வைக்கிற இடத்தில் ஓட்டைதான்.

இன்னொரு முறை நடுவாயா என்று கேட்டால், நடுவேன். இந்தத் தடவை இரண்டு வரிசை.