பாஸ்டனின் வறண்ட காற்றும் என் பைக்குழலும்

பாஸ்டன்
9 பிப்ரவரி 1926

அன்புமிக்க டீலியா அக்காவுக்கு,

தம்பி ஃபீலிம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சளியைத் தவிர இங்கே நான் சுகம். அங்கே நீயும் மைல்ஸ் அத்தானும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். போன கடிதத்தில் பசுவின் காலைப் பற்றி இரண்டு பக்கமும் அத்தானைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருந்தாய். இரண்டு பேரும் நடமாடுவதாகத் தெரிந்தது, சந்தோஷம்.

நிற்க. நான் ஊருக்கே திரும்பி வருகிறேன். மார்ச் பதினெட்டாம் தேதிக் கப்பலுக்குச் சீட்டு வாங்கியாகிவிட்டது. ஏன் என்று அத்தான் கேட்பார் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

கப்பலைவிட்டு இறங்கிய அன்றே வினை ஆரம்பித்தது. பைக்குழலைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்தேனா, சோதனை அதிகாரி திறந்து பார்த்தார். தோல் பை, துருத்தி, ஏழு குழாய், அதில் பித்தளை விசைகள். இந்த நாட்டிலோ மதுவிலக்கு. சாராயம் காய்ச்ச வந்தவன் என்றே முடிவுகட்டிவிட்டார். வாத்தியம் என்று நான் சத்தியம் செய்ய, அப்படியானால் வாசித்துக் காட்டு என்றார். பையைக் கக்கத்தில் இடுக்கித் துருத்தியை முழங்கையால் அமுக்கினால், பத்து நாள் பெட்டிக்குள் கிடந்த சீவாளி வால் மிதிபட்ட பூனைபோலக் கத்துகிறது. அவர் காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்குச் சாராயமே தேவலாம்யா, எடுத்துட்டுப் போ" என்று விட்டுவிட்டார்.

அதோடு போயிற்றா? நம் லீட்ரிமில் மழை நின்றால்தான் செய்தி. இங்கே அறைக்கு அறை இரும்புக் கணப்பு, காற்று எலும்பாய்க் காய்கிறது. நாணலில் சீவிய சீவாளி ஒரே வாரத்தில் வாயை மூடிக்கொண்டது. ஈரத்துணியில் சுற்றினேன், நறுக்கிய உருளைக்கிழங்கோடு பெட்டியில் படுக்கவைத்தேன், உருளைக்கிழங்குதான் வீண். கிறிஸ்துமஸ் வாரம் நம் மாவட்டத்தார் நடன மண்டபத்தில் என்னை மேடையேற்றினார்கள். பாட்டு பாதியில் குழல் செத்துப்போனது. முந்நூறு பேர் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மோஹில் ஊர்க்காரன் ஒருவன், "குழல வாசிக்க வந்தியா, இங்க கொண்டாந்து பொதைக்க வந்தியா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டான். இருபது வருஷம் வாசித்தவன் அக்கா நான். அன்று படியிறங்கும்போது பெட்டியைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

வேலை செய்வது ஒரு சலவைக்கடையில். முதலாளி ஹனோரா லைடன், நம் நாட்டுக் கானமாராவிலிருந்து வந்த விதவை, சிரித்து யாரும் பார்த்ததில்லை. போன வியாழன் மதியம் கொதிகலனிலிருந்து நீராவி எழும்பி எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. இந்த ஈரத்தில் சீவாளி இளகுமோ என்று தோன்றி, மூலையில் வைத்திருந்த குழலை எடுத்து வாசித்தேன். ஊரில் வாசித்தபோதுகூட அப்படிப் பேசியதில்லை அது. இஸ்திரி போடும் பெண்கள் ஆறு பேரும் பெட்டியை வைத்தது வைத்தபடி ஆட ஆரம்பித்தார்கள். ஒரு இஸ்திரிப் பெட்டி நீதிபதி ஒருவரின் சட்டைமேல் இருந்தது. ஹனோரா கருகல் வாடைக்கு வந்தவள், பாட்டு முடியும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள். முடிந்ததும், "நல்லா வாசிச்ச. வாசிக்காம இருந்திருந்தா இன்னும் நல்லாருக்கும். நாளையிலேர்ந்து வராத" என்றாள். அன்று மாலையே கப்பல் சீட்டு வாங்கினேன். குழலுக்கு ஆகாத ஊர் எனக்கும் ஆகாது.

பிள்ளைகளுக்கு என் ஆசிகளும், அத்தானுக்கும் அண்டை அயலாருக்கும் என் விசாரிப்புகளும்.

உன் பிரியமுள்ள தம்பி,
ஃபீலிம்

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்து மூன்று வாரம் ஆகிறது. இதை எழுதிய மறுநாளே அந்த ஆறு பெண்களும், ஃபீலிம் வராவிட்டால் நாங்களும் வரமாட்டோம் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஹனோரா ஆளனுப்பிக் கூப்பிட்டு, "சனிக்கிழமை கடைய மூடினப்புறம் கொதிகலன அணைக்காம விட்டு வைக்கிறேன். வாசிக்கிறத அப்ப வச்சுக்க" என்றாள். இப்போது சனிக்கிழமைதோறும் அறுபது பேர் நீராவியில் வியர்த்து ஆடுகிறார்கள். கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஈஸ்டர் கழிந்ததும் எனக்கும் ஹனோராவுக்கும் கல்யாணம். யார் யாரைக் கேட்டது என்று நீ எழுதிக் கேட்பாய். அந்த நீராவியில் யார் வாய் முதலில் அசைந்தது என்று எங்கள் இருவருக்குமே சரியாகத் தெரியவில்லை.