பெண்ணின் தகப்பன் இவன்தான் என்று தெரிவிப்பது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அப்படி எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இல்லையென்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படிக்கவும். இவ்விடம் நானும் மனைவியும் மகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் மாப்பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும்.

நிற்க. பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை, பெண்ணின் அப்பா எப்படிப்பட்ட ஆள் என்றுதான் பிடிபடவில்லை, அது தெரியாமல் கல்யாணப் பேச்சை மேலே கொண்டுபோக முடியாது என்று தாங்கள் சொல்லிவிட்டதாக மகள் வந்து சொன்னாள். நியாயம்தான். தாங்கள் கடை கடையாகப் போய்த் தராசு சோதிக்கிற உத்தியோகத்தில் இருப்பவர். ஒரு கிலோ என்று எழுதியிருந்தால் ஒரு கிலோ இருக்க வேண்டும். என்னைத்தான் ஒவ்வொரு முறை நிறுத்தபோதும் ஒவ்வொரு விதமாகக் காட்டியிருக்கிறது.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடகக் கம்பெனியில் நாற்காலி தூக்கிப் போடுகிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஒருநாள் ராஜாவாக நடிப்பவர் பல்வலி என்று வரவில்லை, அவர் உடுப்பு எனக்குப் பொருந்தியது, அவ்வளவுதான். அதிலிருந்து மேடையில் ராஜா, வக்கீல், குடிகாரன், மாமியார் (ஆமாம், மாமியார்தான், பெயர் வாங்கிக் கொடுத்ததே அவள்தான்), பிறகு சினிமாவில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே "ஸாரி" சொல்கிற டாக்டர், பிணம், இடைவேளைக்கு முன்னால் சாகிற நல்ல போலீஸ்காரர், இடைவேளைக்குப் பின்னால் சாகிற கெட்ட போலீஸ்காரர் என்று கிடைத்ததையெல்லாம் செய்திருக்கிறேன். எதைக் கொடுத்தாலும் செய்வான் என்று பெயரெடுத்தவனுக்கு ஒரு சங்கடம், அவன் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எதிர்வீட்டுத் தையல்காரர் எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர் குடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அதில் நடு ஆள்தான் மரியாதை தெரிந்தவன் என்று என்னிடமே சொன்னார். ஒரு வேஷம் ஒப்புக்கொண்டால் அது மேடையேறும் வரைக்கும் வீட்டிலும் அந்த ஆளாகவே இருப்பது என் பழக்கம். எனக்கு வேலை செய்யத் தெரிந்த ஒரே வழி அதுதான். என் மனைவியும் "இந்த மாசம் யாரு?" என்று கேட்டுவிட்டு அதற்குத் தகுந்தபடி காபி போடுவாள். குடிகாரனாக இருந்த மாதம் காபியே கிடைக்கவில்லை.

தாங்கள் முதல் முறை வந்தபோது நான் காது கேட்காதவன். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டீர்கள், வீட்டில் வேறு யாரும் இல்லை. "பொண்ணோட அப்பாங்களா?" என்று கேட்டீர்கள், நான் காதருகில் கையைக் குவித்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் பரிதாபப்பட்டுச் சத்தம் போட்டு மறுபடி கேட்ட விதம் அவ்வளவு அருமை, வேஷத்தைக் கலைக்க மனசு வரவில்லை. அப்புறம் நீங்க உங்க வீட்டம்மாகிட்ட, "ஆளு கொஞ்சம் அசடு மாதிரிதான் தெரியுது, நல்லவேளை பொண்ணு அம்மா ஜாடை"ன்னு சாதாரணக் குரல்லயே சொன்னீங்க. அதுக்கப்புறம் எனக்குக் காது கேக்கும்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது? உங்க மரியாதையைக் காப்பாத்தத்தான் நான் கடைசி வரைக்கும் காது கேக்காமலே இருந்தேன். மறுநாள் என் மகள் உங்க பையன்கிட்ட விஷயத்தைப் போட்டு உடைச்சதுக்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த வாரம் தங்கள் வீட்டம்மா டிவி சீரியலில், நான் சொத்துக்காக மருமகனைக் குடோனில் வைத்துப் பூட்டியதைப் பார்த்துவிட்டார். "என் பையனும் போய் மாட்டிக்கணுமா?" என்று கேட்டாராம். அந்த மருமகன் எனக்கு ரொம்ப வேண்டிய பையன். பூட்டின பிறகு உள்ளேயிருந்து, "அண்ணே, டீ வந்தா கதவைத் தட்டுங்க"ன்னுதான் சொன்னான். அதையெல்லாம் டிவியில் காட்டுவதில்லை. சரி, நேரில் வந்து விளக்கிவிடலாம் என்று படப்பிடிப்பு முடிந்த கையோடு கிளம்பினேன். அன்றைக்கு லாரி மோதின காட்சி. மேக்கப்காரர் அவசரமாகப் போய்விட்டார், தலையில் போட்ட கட்டும் ரத்தமும் அப்படியே இருந்தது எனக்கு மறந்தேபோச்சு. நீங்க கதவைத் திறந்ததும் "ஐயோ"ன்னீங்க. "ஒண்ணுமில்லை, ஒரு விஷயம் சொல்லணும்"னேன், சொல்ல விட்டாத்தானே? கடைசி வார்த்தை பேச வந்திருக்கான்னு நினைச்சு காருல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தீங்க. வழியெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்க பொண்ணை எங்க பொண்ணா பாத்துக்குவோம்"னு வேற சொன்னீங்க. டாக்டர் கட்டைப் பிரித்து, பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இவருக்கு ஒண்ணுமே இல்லையே" என்று ஏமாற்றத்தோடு சொன்னபோது தங்கள் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். இருந்தாலும் சம்பந்தி, சொன்ன சொல் சொன்னதுதானே?

இதெல்லாம் ஆன பிறகு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ஒரே ஒரு நாள் நீங்க நீங்களா வந்து அவங்ககிட்ட பேசுங்கப்பா. இல்லேன்னா இது நடக்காது" என்றாள். அதுக்கென்ன என்று கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்தேன். கால்மேல் கால் போட்டேன், அது வக்கீல். செருமினேன், அது ராஜா. சிரித்தேன், அது சீரியல். மனைவியைக் கூப்பிட்டு, "நான் எப்படி உட்காருவேன்?" என்று கேட்டேன். "நம்ம கல்யாணத்தப்ப நீங்க தபால்காரரா இருந்தீங்க. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாதே" என்றாள். இத்தனை பேரைச் செய்தவனுக்குப் பெற்ற பெண்ணின் அப்பாவாக ஒரு மணி நேரம் உட்காரத் தெரியவில்லையே என்று அழுகை வந்தது, அழுதேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அவள் பிறந்த சேதி வந்த அன்று மேடையில் எனக்கு வசனம் மறந்துபோனது. அதற்கு முன்னாலும் மறந்ததில்லை, பின்னாலும் மறந்ததில்லை. ஜனங்கள் கத்தினார்கள், திரையைப் போட்டார்கள், நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்த ஆள்தான் பெண்ணின் அப்பா. அவனுக்குப் பெரிய சாமர்த்தியமெல்லாம் கிடையாது. மகள் போய்விட்டால் வீட்டில் எப்படி இருக்கப்போகிறோம் என்று பயந்துகொண்டிருக்கிறான், ஆனாலும் உங்கள் பையனோடு அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைத்தான் கூட்டிக்கொண்டு வருகிறேன். வேஷம் இல்லை, ஒப்பனை இல்லை.

தங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். எங்கள் வீட்டில் குடோன் கிடையாது என்பதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பெண்ணின் அப்பா

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்கு முன் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள், "ரொம்ப நல்லா இருக்குப்பா, வெள்ளிக்கிழமை இந்த ஆளாவே வாங்க" என்றாள். ஆகவே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து பாடம் பண்ணுகிறேன், பாதிக்கு மேல் வந்துவிட்டது. பெண் பிறந்த இடத்தில் தொண்டை அடைத்துக் கொஞ்சம் நிறுத்துவேன், மறந்துவிட்டேன் என்று நினைத்து யாரும் குறுக்கே பேசிவிட வேண்டாம். தாங்கள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழும். தங்களுக்கு வசனம் ஒன்றும் இல்லை, கடைசியில் சம்மதம் என்று தலையை ஆட்டினால் போதும்.