துவக்கு விற்கிற கடையும் என் பிரெஞ்சும்

எனக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வராது. கோபம் இல்லாவிட்டாலும் வராது. மொன்றியலில் இருபத்திரண்டு வருடமாக எழுத்துக் கூட்டி வாசித்து வருகிறேன். என்ன வாசித்தேன் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஆனால் அன்றைக்கு வந்தது நியாயமான கோபம். நகரின் வில்லரேப் பகுதியில் என் மனைவி வசந்தி வேலை செய்யும் மூலைக்கடைக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு ஒரு சன்னம் வந்தது. தெருவில் எவனோ எவனையோ சுட்டிருக்கிறான். அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் பால் ஃபிரிட்ஜில் புகுந்தது. (ஊரில் போர்க்காலத்து ஷெல்லுக்குத் தப்பினவள், பால் அடுக்கப் போய்ச் சாகப் பார்த்தாள்.)

சுட்டவன் பிடிபட்டான். அவனுடைய துவக்கு முதலில் விற்கப்பட்டது லைசென்ஸ் உள்ள ஒரு கடையில். அந்தக் கடைத் துவக்குகள் முன்பும் குற்றங்களில் அகப்பட்டவையாம். அதே கடையிலா நகரசபையும் பொலிசுக்கு வாங்குகிறது என்று கேட்டேன். எனக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஆகவே ஒரு கோரிக்கை எழுதினேன். நகரசபை துவக்கு வாங்கும்போது விற்பவனிடம் கேட்க வேண்டும்: உன் கடைத் துவக்கு எத்தனை குற்றத்தில் அகப்பட்டது? தடுக்க என்ன செய்தாய்? ஒழுங்கான பதில் இல்லையா, எங்கள் வரிக்காசு உனக்கில்லை. இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். (தமிழில்.)

"அப்பா, பிரெஞ்சை நான் ஒருக்காப் பாக்கட்டோ?" என்றாள் மகள் மது.

"நீ உன்ர படிப்பைப் பார். என்னட்டைப் போன் இருக்கு."

போன் ஒரு நொடியில் மொழிபெயர்த்தது. எங்கள் பகுதி நகரசபை உறுப்பினர் நடத்திய கூட்டத்துக்கு மூவரும் போனோம். நான் எழுந்து, மேசையில் ஒரு தட்டுத் தட்டி, முழங்கினேன். மண்டபம் அடங்கியது. மரியாதை என்று நினைத்தேன். ஒருவர் கண்ணைத் துடைத்தார். அழுகிறார் என்று நினைத்தேன். உறுப்பினர் அம்மா மென்மையாக ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் "வுய்!" என்றேன். பிரெஞ்சில் "ஓம்" சொல்ல மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை.

மது சால்வையால் முகத்தை மூடியிருந்தாள்.

"என்னடி கேக்கிறா?"

"எந்தக் கார்டறியைச் சொல்லுறியள் எண்டு."

"சின்னப் பிள்ளையளைப் பகலில பாக்க விடுற கார்டறியோ? நான் துவக்கைப் பற்றியெல்லோ கதைச்சனான்!"

"ஓமப்பா. போன் அதை 'ஆரம்பம்' எண்டு எடுத்திட்டுது. 'கெட்ட ஆரம்பம் விக்கிற கடையில நகரசபை ஆரம்பம் வாங்கக் கூடாது' எண்டு அஞ்சு நிமிசம் கத்தினியள். பிள்ளையளின்ர ஆரம்பத்தைக் கெடுக்கிற கார்டறி ஏதோ எண்டு அவ விளங்கிக்கொண்டா."

எங்கள் ஊரில் துப்பாக்கியும் துவக்கு, தொடங்கு என்பதும் துவக்கு. எங்களில் எவனும் இரண்டையும் குழப்பியதில்லை. போனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்போது வசந்தி எழுந்தாள். கடையில் பால் விற்றுப் பழகிய பிரெஞ்சுதான். காதுக்குப் பக்கத்தில் கையைச் சாணாக விரித்துக் காட்டி, "சன்னம் இதால போனது. அந்தத் துவக்கை வித்த கடைக்கு எங்கட காசு போகக் கூடாது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. உறுப்பினர் அம்மா எழுதியதை வெட்டிவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

அந்தத் தாள் இன்னும் நகரசபையில் பரிசீலனையில் இருக்கிறது. மாதம் தவறாமல் போன் எடுத்து ஏசுகிறேன். விடப்போவதில்லை. ஆனால் நான் "வுய்" சொன்ன கேள்விகளில் ஒன்று, கார்டறிக் குழுவில் சேருவீர்களா என்பது. அந்தக் கூட்டங்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் நான் எதைப் பேச வாய் திறந்தாலும் வசந்தி அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்:

"துவக்குங்கோ. நல்ல கடையில வாங்கினதுதானே?"